கொடைக்கானலுக்கு வாடகை கார் எடுக்கிறீங்களா? ஏறுறதுக்கு இல்ல, இறங்குறதுக்கு வண்டி பாருங்க!

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணி. மதுரையில் அனல் இன்னும் அடங்கலை. வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒருத்தர், "மச்சி, நாளைக்குக் கொடை?"ன்னு ஒரு மெசேஜைத் தட்டி விடுறார். அஞ்சே நிமிஷத்தில் ஆள் சேர்ந்துடும். அடுத்த கேள்விதான் கஷ்டம். "வண்டி?"

"எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் இருக்கார். ஏழு சீட்டர். வாடகை கம்மி"ன்னு ஒரு பதில் வரும். எல்லாரும் தம்ஸ்-அப் போட்டுட்டுத் தூங்கிடுவோம்.

நானும் அப்படித்தான் தூங்கினேன். டிப்ளமோ முடிச்ச கையோடு ஏழு பேர் கிளம்பின ட்ரிப் அது. ஏறும்போது ஒரு குறையும் இல்லை. பாட்டு, பஜ்ஜி, செல்ஃபின்னு போச்சு. மறுநாள் சாயங்காலம் இறங்கும்போது, டம்டம் பாறை தாண்டினதும் ஏதோ கருகுற வாடை. "வெளியில யாரோ குப்பை எரிக்கிறாங்க"ன்னு பின்சீட்டில் இருந்து சொன்னாங்க. அடுத்த வளைவில், வண்டி ஓட்டின நண்பன் பிரேக்கை மிதிச்சான். பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு. முகம் வெளுத்துப் போய் முதல் கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கச் சுவரில் உரசித்தான் வண்டி நின்னுச்சு. இன்னொரு பக்கம் பள்ளம்.

வண்டிக்காரருக்கு போன் பண்ணினோம். அவர் முதல்ல கேட்டது, "யாருக்காவது அடிபட்டுச்சா?" இல்லை. "தம்பி, போலீஸ் கேட்டா சித்தப்பா வண்டின்னு சொல்லிடுங்க."

அந்த ஒரு வரி அப்போ புரியலை. பின்னாடி விசாரிச்சப்போதான் வயிற்றைக் கலக்குச்சு. அன்னிக்குத் தெரியாம போன எல்லாத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. அடுத்த முறை "வண்டி?"ன்னு கேள்வி வரும்போது இதை குரூப்பில் தட்டி விடுங்க.

90 லிட்டர் கொதிநீர் கணக்கு

மதுரையில் இருந்து கொடைக்கானல் சுமார் 115 கிலோமீட்டர். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வரைக்கும் ரோடு சமதளம். காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டினதும் மலை ஆரம்பம். வத்தலக்குண்டு கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 320 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல. அதாவது, திரும்பி வரும்போது உங்க கார் சுமார் 1,800 மீட்டர் கீழே இறங்கணும்.

ஆளும் லக்கேஜும் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் அவ்வளவு உயரத்தில் இருந்து இறங்கும்போது வெளிப்படுற ஆற்றலை ஸ்கூல் ஃபிசிக்ஸ் ஃபார்முலாவில் போட்டுப் பாருங்க. ரூம் வெப்பநிலையில் இருக்கிற சுமார் 90 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். ஒரு பெரிய அண்டா! காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கும். மிச்சத்தை இன்ஜின் வாங்கணும், இல்லைன்னா பிரேக் வாங்கணும். நியூட்ரலில் போட்டோ, பெரிய கியரில் போட்டோ பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா, மொத்தச் சூடும் பிரேக் பேட் தலையில்தான் விழும். பேட் சூடானா பிடிமானம் குறையும். பழைய பிரேக் ஆயில் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சி வச்சிருக்கும். அந்தச் சூட்டில் அது கொதிச்சு ஆவியானா, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிடும். எங்களுக்கு நடந்தது இதுதான்.

அதனால கார் பார்க்கும்போது "மலை ஏறுமா?"ன்னு மட்டும் கேட்காதீங்க. இன்னிக்கு மார்க்கெட்டில் இருக்கிற எல்லா காரும் கொடைக்கானல் ஏறும். ஒழுங்கா இறங்குமாங்கிறதுதான் கேள்வி.

எத்தனை பேர், எவ்வளவு பை?

முதல் கணக்கு எடை. அஞ்சு பெரியவங்கன்னா சுமார் 350 கிலோ. பையெல்லாம் சேர்த்தா 400 கிலோ. ஸ்விஃப்ட் மாதிரி ஒரு ஹேட்ச்பேக்கின் சொந்த எடையே 920 கிலோ சொச்சம்தான். தன் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பாரத்தைச் சுமந்துக்கிட்டு அது மலையேறுது.

ரெண்டு பேர், மூணு பேர்னா ஹேட்ச்பேக் தாராளமா போதும். சொல்லப் போனா, அதுதான் சரி. வட்டக்கானல், பூம்பாறை பக்கம் ரோடு குறுகல். சின்ன வண்டின்னா எதிரே பஸ் வந்தாலும் ஒதுங்கிக்கலாம், பார்க்கிங்கும் கிடைக்கும். நாலு, அஞ்சு பேர்னா காம்பேக்ட் எஸ்யூவி. ஆறு, ஏழு பேர்னா எர்டிகா, இன்னோவா மாதிரி வண்டி.

ஏழு சீட்டரில் ஒரு விஷயம் கவனிங்க. மூணாவது வரிசையில் ஆள் உட்கார்ந்துட்டா டிக்கியில் பை வைக்க இடமே இருக்காது. கேரியரில் கட்டினா வண்டியின் மேல்பாரம் கூடும், வளைவில் ஆட்டம் கொடுக்கும். கடைசி வரிசையில் உட்கார்றவங்களுக்குத்தான் வாந்தியும் அதிகம் வரும். ஏழு பேர்னா ரெண்டு சின்ன கார் எடுத்தா என்ன ஆகும்னு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க.

சி.என்.ஜி வண்டியா? டவுனுக்கு லாபம். ஆனா பல மாடல்களில் சிலிண்டரே டிக்கியைப் பிடிச்சுக்கும். கேஸில் ஓடும்போது இழுவையும் கொஞ்சம் குறையும். மலையில் பெட்ரோலுக்கு மாத்திக்கிறது நல்லது.

பெட்ரோலா, டீசலா?

மேலே போகப் போகக் காற்று மெலிசாகும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் 10 சதவிகித பவரை இழக்கும். மதுரையில் 82 குதிரைத்திறன் தர்ற இன்ஜின், கொடைக்கானலில் கிட்டத்தட்ட 65 தான் தரும். இதில் ஏ.சி-யும் அஞ்சு பேரும் சேர்ந்தா, முன்னாடி போற லாரியை ஓவர்டேக் பண்ணப் போய் பாதியில் மாட்டிக்குவீங்க. வண்டி மேல குத்தம் இல்லை. ஏ.சி-யை அணைங்க, கண்ணாடியை இறக்குங்க, ஒரு கியர் குறைங்க. மலைக்காற்றுக்குத்தானே போறீங்க?

டர்போ இன்ஜின் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புறதால இந்த இழப்பு குறைவு. டீசலில் இழுவைத்திறன், அதாவது டார்க், கூடுதல். 1.5 லிட்டர் பெட்ரோல் எர்டிகா சுமார் 137 நியூட்டன் மீட்டர் தருது. 2.4 லிட்டர் டீசல் இன்னோவா கிரிஸ்டா 343. ஏழு பேரோடு ஏறும்போது இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். சுருக்கமா, ஆள் குறைவுன்னா சாதாரண பெட்ரோல் போதும். வண்டி நிறைய ஆள்னா டர்போ பெட்ரோல், இல்லைன்னா டீசல்.

எலெக்ட்ரிக் காருக்கு இறங்குறதுதான் கொண்டாட்டம். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் பிடிச்சு நிறுத்தும், பேட்டரியிலும் கொஞ்சம் சார்ஜ் ஏறும். ஆனா மேலேயே 100 சதவிகிதம் சார்ஜ் போட்டுட்டு இறங்காதீங்க. பேட்டரியில் இடம் இருந்தாத்தான் அந்தப் பிடிமானம் முழுசா வேலை செய்யும். ஏறும்போது சார்ஜ் வேகமா குறையும். அதையும் கணக்கில் வைங்க.

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

ரெண்டிலும் போகலாம். உங்களுக்குப் பழகினது எதுவோ அதுதான் நல்லது. கொடைக்கானல் வளைவு, புது கியர் கத்துக்கிற இடம் இல்லை.

மேனுவல்னா, சரிவில் கிளட்சை விட்டு வண்டியை நகர்த்தும்போது பின்னாடி உருளும். வெள்ளி அருவிக்கிட்ட டிராஃபிக் நின்னுட்டா இதுதான் பெரிய டென்ஷன். பின்னாடி அரை அடி இடைவெளியில் இன்னொரு வண்டி நிக்கும். "ஹில் ஹோல்டு இருக்கா?"ன்னு கேட்டு எடுங்க. பிரேக்கில் இருந்து காலை எடுத்த பிறகும் ஒண்ணு ரெண்டு விநாடி வண்டியைப் பிடிச்சு வைக்கும் வசதி அது.

ஆட்டோமேட்டிக்கில் ஏ.எம்.டி வகைன்னா கொஞ்சம் யோசிச்சு கியர் மாத்தும். மலையில் அதை மேனுவல் மோடுக்கு மாத்தி நீங்களே கியரைத் தேர்ந்தெடுங்க. டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி வண்டிகளிலும் எல், எஸ், எம்னு ஏதாவது ஒரு எழுத்து இருக்கும். இறங்கும்போது வெறும் டி-யில் போட்டுட்டு வந்தா, வண்டி பெரிய கியருக்குத் தாவி பிரேக் மேல பாரத்தைப் போட்டுடும். வண்டியை வாங்கும்போதே இந்த எழுத்துகளுக்கு அர்த்தம் கேட்டுத் தெரிஞ்சுக்கங்க.

நம்பர் பிளேட் கலர் பாருங்க

இப்போ அந்த ‘சித்தப்பா’ விஷயத்துக்கு வருவோம்.

வெள்ளை பிளேட்டில் கறுப்பு எழுத்து இருந்தா சொந்த உபயோக வண்டி. மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்துன்னா டிரைவரோடு வர்ற டாக்ஸி. கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கிறதுதான் நீங்களே ஓட்டிக்கிட்டுப் போகச் சட்டப்படி வாடகைக்கு விடுற வண்டி. எலெக்ட்ரிக் கார்னா பச்சை பிளேட். அதில் வெள்ளை எழுத்து சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து வாடகை வண்டி.

வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விடுறது மோட்டார் வாகனச் சட்டப்படி தப்பு. பர்மிட் இல்லாம வாடகைக்கு ஓட்டினா முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமும், ஆறு மாசம் வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கு. அப்புறம் ஏன் ஊர் முழுக்க இந்த வண்டிகள் ஓடுது? 1989-ம் வருஷ ரென்ட்-எ-கேப் திட்டப்படி லைசென்ஸ் வாங்கணும்னா ஒரு நிறுவனத்துக்குக் குறைஞ்சது 50 கார் இருக்கணும். ஒண்ணு ரெண்டு கார் வச்சிருக்கிற ‘தெரிஞ்ச அண்ணன்’களால் அது முடியாது.

அபராதத்தை விடப் பெரிய சிக்கல் இன்ஷூரன்ஸ். சொந்த உபயோக காருக்கான பாலிசியிலேயே, வாடகைக்கு விடும்போது செல்லாதுன்னு நிபந்தனை இருக்கும். பிரேக் பிடிக்காம சுவரில் உரசின அன்னிக்கு, அந்த ஓட்டைச் சரி பண்ற செலவு எங்க கையில்தான் விடிஞ்சது. எதிரே ஒரு பைக் வந்திருந்தா? அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்றது? இன்ஷூரன்ஸ் நிறுவனம் நிபந்தனையைக் காட்டிக் கைவிரிச்சா, கோர்ட்டு வாசலில் நிக்கப் போறது வண்டிக்காரரும், ஓட்டின உங்க நண்பனும்தான். எங்களை ‘சித்தப்பா’ சொல்லச் சொன்னதுக்குக் காரணம் இதுதான்.

இன்னொண்ணு. கார் பாலிசியில் இருக்கிற 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் பதிவு பெற்ற உரிமையாளர் ஓட்டும்போது அவருக்குத்தான். வாடகைக்கு எடுத்து ஓட்டுற உங்களுக்கு இல்லை. உங்க பேரில் தனியா ஒரு விபத்துக் காப்பீடு இருக்கான்னு பார்த்துக்கங்க.

இ-பாஸ் மறந்தா பாதியிலேயே ரிட்டர்ன்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல் இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போற வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டின்னு நீதிமன்றம் உச்சவரம்பும் வச்சது. அரசு பஸ்ஸில் போனா இது தேவையில்லை.

வாடகை காரில் போறவங்களுக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. இ-பாஸ் வண்டி நம்பருக்குத்தான் கிடைக்கும். பல இடங்களில் கிளம்புற அன்னிக்குக் காலையில்தான் எந்த வண்டின்னே சொல்வாங்க. நீங்க ஒரு நம்பருக்கு பாஸ் எடுத்து வச்சிருக்க, வேற வண்டி வந்து நின்னா செக்போஸ்ட்டில் மாட்டிக்குவீங்க. அதனால புக் பண்ணும்போதே நம்பரை எழுத்தில் வாங்குங்க. கிளம்புற அன்னிக்கு இருக்கிற விதியை அரசு இணையதளத்தில் ஒரு தடவை சரிபாருங்க. சீசனுக்கு சீசன் மாறும்.

தண்ணிக்கு வீட்டில் இருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கங்க. அஞ்சு லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மேலே தடை.

சாவி வாங்கும் முன் 15 நிமிஷம்

ஆரப்பாளையமோ, மாட்டுத்தாவணியோ, ஏர்போர்ட் வாசலோ, எங்க வண்டியை வாங்கினாலும் அவசரப்படாதீங்க.

பேப்பர்: ஆர்.சி, இன்ஷூரன்ஸ், எஃப்.சி, பர்மிட், புகைச் சான்று. அஞ்சும் நடப்பில் இருக்கான்னு தேதி பாருங்க. வண்டி நம்பரை எம்-பரிவாகன் ஆப்பில் தட்டினாலே பாதி விவரம் வந்துடும்.

டயர்: பள்ளத்தின் ஆழம் குறைஞ்சது 1.6 மில்லிமீட்டர் இருக்கணும்ங்கிறது விதி. மழைக்காலத்தில் மலைக்குப் போறீங்கன்னா அதை விட நல்லா இருக்கணும். ஸ்டெப்னியில் காற்று இருக்கா, ஜாக்கி இருக்கான்னு டிக்கியைத் திறந்து பாருங்க.

பிரேக்: இன்ஜின் ஓடும்போது பெடலை நல்லா அழுத்தி அரை நிமிஷம் பிடிங்க. மெதுவா உள்ளே இறங்கிக்கிட்டே போனா அந்த வண்டி வேண்டாம். மிதிக்கும்போது கீச் சத்தம், ஸ்டீயரிங் நடுக்கம் இருந்தாலும் வேண்டாம். "பிரேக் ஆயில் கடைசியா எப்போ மாத்தினீங்க?"ன்னு கேளுங்க. பதிலை விட, சொல்றவர் முகத்தைப் பாருங்க.

ஹேண்ட் பிரேக்: மதுரையில் மேட்டுக்கு எங்க போறது? ஏதாவது மால் பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவு போதும். காலி நேரத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டுப் பாருங்க. நிக்கணும்.

வைப்பர், ஹெட்லைட், பனிமூட்ட விளக்கு, கண்ணாடியில் படியும் ஆவியை நீக்கும் டிஃபாகர். நாலையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க.

கடைசியா, வண்டியைச் சுத்தி வந்து ஒரு வீடியோ. கீறல், பெட்ரோல் முள், கிலோமீட்டர் எல்லாம் பதிவாகணும். அட்வான்ஸைத் திருப்பி வாங்கும்போது அந்த வீடியோதான் உங்க சாட்சி.

ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியது மூணு. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? மலைக்குப் போக அனுமதி உண்டா? பிரேக்டவுன் ஆனா மேலே வந்து பார்க்க ஆள் உண்டா? போடிமெட்டு வழியா மூணாறு போற பிளான்னா, கேரளாவுக்குள் போக பர்மிட்டும் வரியும் யார் பொறுப்புன்னும் கேளுங்க.

மலையில் மறக்கக் கூடாத நாலு

ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். பெரும்பாலும் ரெண்டாவது, மூணாவது. இன்ஜின் கொஞ்சம் உறுமும். உறுமட்டும். அதுதான் உங்க பிரேக்கைக் காப்பாத்துது.

பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்காதீங்க. வளைவுக்கு முன்னாடி அழுத்தி வேகத்தைக் குறைங்க, அப்புறம் விட்டுடுங்க. கருகுற வாடை வந்தா, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி ஆற விடுங்க. தண்ணி ஊத்தாதீங்க.

குறுகலான இடத்தில் ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி. நீங்க இறங்குறீங்கன்னா ஒதுங்குங்க.

மூடுபனியில் ஹை பீம் போடாதீங்க. வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி உங்க கண்ணையே மறைக்கும்.

மலை ஓட்டிப் பழக்கமே இல்லையா? முதல் ட்ரிப்பே கொடைக்கானல் வேண்டாம். திண்டுக்கல் பக்கத்தில் இருக்கிற சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவுதான். அனுபவம் உள்ள ஒருத்தரைப் பக்கத்தில் உட்கார வச்சுக்கிட்டு, ஒரு காலையில் ஏறி இறங்கிட்டு வாங்க.

கடல் தாண்டிப் போறீங்களா?

மதுரையில் இருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கிறதால, "இந்தத் தடவை நுவரெலியா"ன்னு கிளம்புற கேங்கும் உண்டு. உயரம் 1,868 மீட்டர். கண்டியில் இருந்து ரம்பொடை வழியா ஏறுற ரோடும் நம்ம கொடை ரோடு மாதிரிதான், வளைஞ்சு வளைஞ்சு தேயிலைத் தோட்டத்துக்குள் போகும். அங்கயும் இடது பக்கம்தான் ஓட்டணும், ஸ்டீயரிங்கும் வலது பக்கம்தான்.

ஆனா நம்ம லைசென்ஸ் மட்டும் போதாது. ஆர்.டி.ஓ ஆபீஸில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுக்கணும். அதுக்கும் மேல, இலங்கையில் அங்கீகாரம் வாங்கணும். இது இல்லாம ஓட்டினா, அங்கயும் இன்ஷூரன்ஸ் கேள்விக்குறிதான். கார் தேர்வுக்கு மேலே சொன்ன அதே கணக்கு. தீவா இருந்தாலும் பழனி மலையா இருந்தாலும், இறங்குற வண்டிக்கு ஒரே விதிதான்.

ஓட்ட மனசில்லையா? அதுவும் சரி

இவ்வளவு படிச்சதும் "எதுக்கு வம்பு?"ன்னு தோணுதா? தப்பே இல்லை. மஞ்சள் போர்டு வண்டியில், மலை ஓட்டிப் பழகின டிரைவர் அண்ணனோடு போங்க. அஞ்சு பேர் பங்கு போட்டா பெரிய தொகையா தெரியாது. தலையாறு அருவியை நீங்களும் ஜன்னல் வழியா ரசிக்கலாம். ராத்திரி அவர் தூங்க நல்ல இடம் இருக்கான்னு மட்டும் கவனிச்சுக்கங்க. தூங்காத டிரைவரும் தேய்ஞ்ச பிரேக்கும் ஒண்ணுதான். அதுவும் வேண்டாம்னா ஆரப்பாளையத்தில் இருந்து பஸ் இருக்கவே இருக்கு.

எங்க குரூப்பில் இன்னிக்கும் கொடை பிளான் வரும். "வண்டி?"ன்னு கேள்வியும் வரும். அன்னிக்கு ஓட்டின நண்பன் இப்பெல்லாம் பதிலுக்கு ஒரே கேள்விதான் கேட்கிறான்.

"பிளேட் என்ன கலர்?"